தாமதமே தீர்ப்பாகிவிடுகிறது

போசரி தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருவர், சென்ற ஆண்டு ஏப்ரல் இறுதியில் நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். ஊரில் கோயில் கொடை என்று சொல்லி அவருடைய கணவர் மகளை அழைத்துச் சென்றிருந்தார். கொடை முடிந்தது, கணவரும் திரும்பவில்லை, குழந்தையும் திரும்பவில்லை. தொலைபேசியில் மகளோடு பேசவும் விடவில்லை. குழந்தைக்கு அப்போது நான்கு வயது எட்டு மாதம்.

அன்று அலுவலகத்தில் இருந்தவர்கள் கூடிப் பேசி அவருக்கு ஒரு யோசனை சொன்னோம். "கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் உடைந்துவிடும். ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பார்ப்போம், கொஞ்சம் பொறுங்கள்" என்பதே அந்த யோசனை. சொன்னவர்களில் நானும் இருந்தேன். அவருக்கும் உள்ளூர அச்சம் இருந்தது. "கோர்ட்டுக்குப் போனா பிள்ளைய ஒரேயடியா ஒளிச்சு வச்சிருவாங்கண்ணே" என்றார். ஆகவே பொறுத்தார். ஊரிலிருந்து முதலில் "விடுமுறை முடியட்டும்" என்றார்கள். பிறகு "ஆனி பிறக்கட்டும்" என்றார்கள். ஏழு வாரங்கள் கழிந்து ஜூன் நடுவில் அவர் மீண்டும் வந்தபோது, குழந்தை அந்த ஊரிலேயே ஒரு பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்தது.

வழக்குத் தொடுக்கப்பட்டது. கணவர் தரப்பின் பதில் மனுவை அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு, கட்சியின் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் எனக்கு வந்தது. நீதிமன்றத் தாழ்வாரத்தின் மரப்பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்தியாக வாசித்துச் சொன்னேன். ஏழாம் பத்தியில் இப்படி இருந்தது: ஏழு வாரங்கள் தாய் எந்த அதிகாரியிடமும் முறையிடவில்லை, ஆகவே குழந்தை ஊரில் வளர்வதற்கு அவர் சம்மதித்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். நாம் சொன்ன பொறுமை அவருக்கு எதிரான சாட்சியாக மாறியிருந்தது. இதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

ஆகஸ்டில் குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்தது. இந்த ஒரு தேதியின் பொருளை நம் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

சட்டத்தில் இருப்பது என்ன?

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தையின் பொறுப்பு சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று வரிசைப்படுத்தவும் செய்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், 'அவருக்குப் பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்கொள்ள வேண்டியதில்லை என்று விளக்கிய பிறகே அந்த வரிசையின் கடுமை ஓரளவு தளர்ந்தது. ஐந்து வயது நிறைந்துவிட்டால் தாயின் உரிமை அழிந்துவிடாது. குழந்தையின் நலனே முதன்மையானது என்ற 13ஆவது பிரிவு எந்த வயதிலும் பொருந்தும். ஆனால் சட்டம் தானாகவே தாயின் பக்கம் சாய்ந்து நின்ற நிலை அந்தத் தேதியோடு முடிகிறது. அதன்பின் எல்லாவற்றையும் அவரே நிறுவ வேண்டும்.

அவசரத்துக்கு வழியில்லாத சட்டங்கள் அல்ல நம்முடையவை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 12ஆவது பிரிவு, வழக்கு முடியும்வரை காத்திராமல், குழந்தையை முன்னிலைப்படுத்துமாறு ஆணையிடவும் தற்காலிகப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. விவாகரத்து முதலான வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

வீட்டில் வன்முறை நடந்திருந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இன்னும் விரைவான பாதையைத் திறக்கிறது. குற்றவியல் நடுவர் முதல் விசாரணையைச் சாதாரணமாக 3 நாட்களுக்குள் வைக்க வேண்டும். 21ஆவது பிரிவின்கீழ் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைத் தாயிடம் ஒப்படைக்கலாம். நிலைமை கோரினால், எதிர்த்தரப்பு வருமுன்பே பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையில் உத்தரவிட 23ஆவது பிரிவு இடமளிக்கிறது. புலம்பெயர்ந்த தொழிலாளிக்கு இச்சட்டத்தின் 27ஆவது பிரிவு மிக முக்கியமானது. பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றமே மனுவை விசாரிக்கலாம் என்கிறது அது. போசரியில் வாடகை அறையில் இருப்பவர் அதற்காக ஊருக்கு ஓட வேண்டியதில்லை.

பெற்றோரல்லாத, சட்டப்படி எவ்வித உரிமையும் இல்லாத ஒருவர் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் செல்லும் என்பதை, பம்பாய் உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற தேஜஸ்வினி கௌட் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆக, சட்டம் விரைந்து செயல்பட வழிகள் உள்ளன. விரையாதவர்கள் யார் என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை தொடர்பான வழக்கில் இருப்பதை இருந்தபடி வைத்திரு என்ற நிலை நடுநிலையானதன்று. முதலில் கைவைத்தவருக்கே அது சாதகமாகிறது. நிலத் தகராறில் ஆறு மாதத் தாமதம் ஆறு மாத நட்டம். குழந்தையின் வழக்கில் அதே ஆறு மாதத்தில் புதிய பள்ளி, புதிய நண்பர்கள், புதிய வழக்கங்கள் உண்டாகிவிடுகின்றன. 'குழந்தை இங்கே ஊன்றிவிட்டது, மீண்டும் பெயர்க்கக் கூடாது' என்ற வாதம் அப்போது உண்மையான வாதமாகவே ஆகிவிடுகிறது. மேலும், குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் மேல்முறையீட்டு உரிமை இடைக்கால உத்தரவுகளுக்கு இல்லை. ஆகவே முதல் மனுவும் முதல் உத்தரவும் நாம் நினைப்பதைவிடக் கனமானவை.

'சாதாரணமாக வசிக்கும்' இடம் எது?

நான் மொழிபெயர்க்கத் திணறிய தொடர் ஒன்று உண்டு. காப்பாளர் தொடர்பான மனுவைக் குழந்தை 'சாதாரணமாக வசிக்கும்' இடத்தின் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. சொற்களைத் தமிழாக்குவது எளிது. புலம்பெயர்ந்த தொழிலாளியின் வாழ்வில் அச்சொற்களுக்குப் பொருள் காண்பது எளிதன்று.

அந்தக் குழந்தை வளர்ந்தது போசரியில். மராத்திப் பிள்ளைகளோடு விளையாடி மராத்தி பேசியது. ஆனால் குடும்ப அட்டை தமிழ்நாட்டில். வாக்காளர் அட்டை தமிழ்நாட்டில். ஆதாரில் உள்ள முகவரி தமிழ்நாட்டில். அறைக்கு வாடகை ஒப்பந்தம் இல்லை, ஏனெனில் வீட்டுக்காரர் எழுதித் தரமாட்டார். பட்டறையில் நியமனக் கடிதம் இல்லை, ஏனெனில் ஒப்பந்தக்காரர் தரமாட்டார். வாழ்க்கை முழுவதும் போசரியில் இருக்க, காகிதம் முழுவதும் ஊரில் இருக்கிறது. எதிர்த்தரப்பு காகிதத்தைக் காட்டியது. நாம் வாழ்க்கையைக் காட்ட வேண்டியிருந்தது.

வசிப்பிடம் என்பது காகிதத்தால் மட்டும் முடிவாகும் விஷயமன்று. நோக்கத்தையும் நடைமுறை உண்மைகளையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ருசி மஜூ வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால் உண்மையை எடுத்துவைக்க ஆதாரம் வேண்டும். நம் வழக்கில் அதை வழங்கியவை அங்கன்வாடிப் பதிவேடும், தடுப்பூசி அட்டையும், பக்கத்து அறையில் குடியிருக்கும் மராத்தியப் பெண் கொடுத்த பிரமாணப் பத்திரமும்தான். ஒப்பந்தமுறை என்பது கூலியைக் குறைக்கும் தந்திரம் என்று மட்டும் இதுவரை பேசிவந்தோம். ஒரு தாய் தன் குழந்தை எங்கே வளர்ந்தது என்று நிறுவும் வழியையும் அது அடைத்துவிடுகிறது. நியமனக் கடிதம் கேட்டு நாம் நடத்தும் போராட்டத்தில் இதுவும் அடங்கியிருக்கிறது.

கணவர் தமிழ்நாட்டில் ஒரு வழக்கும், மனைவி மகாராஷ்டிரத்தில் ஒரு வழக்கும் தொடுத்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். ஒரு மாநிலத்து உரிமையியல் வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி, உச்ச நீதிமன்றத்துக்கு உரியது. நாட்கூலிப் பெண் ஒருவர் தில்லிவரை போக வேண்டியிருக்கும் என்பது இதன் பொருள். முதலில், உரிய இடத்தில், உரிய மனு என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

இலவச சட்ட உதவி: உரிமையா, சலுகையா?

அந்தப் பெண் முதலில் அணுகிய தனியார் வழக்குரைஞர் கேட்ட முன்பணம் அவருடைய இரண்டு மாதக் கூலிக்கு மேல். அவருக்குக் கட்டணமில்லாத வழக்குரைஞர் கிடைக்கச் சட்டத்திலேயே உரிமை உண்டு என்பதை அவர் அறியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நம்மில் பலரும் அறிந்திருக்கவில்லை.

இந்த உரிமையின் வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர் உண்டு. 1957இல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த அரசில் சட்ட அமைச்சராயிருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர், சட்ட உதவி பற்றிய வல்லுநர் குழுவுக்குத் தலைமை ஏற்று 1973இல் அறிக்கை அளித்தார். ஏழைக்கு வழக்குரைஞர் கிடைப்பது தருமமன்று, அரசின் கடமை என்ற கருத்து வலுப்பெற அதுவும் ஒரு காரணம். 1976இல் அரசமைப்புச் சட்டத்தில் 39அ உறுப்பு சேர்க்கப்பட்டது. 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டது.

அச்சட்டத்தின் 12ஆவது பிரிவை ஒவ்வொரு சங்க அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு, அவர்கள் வருமானம் என்னவாயினும், இலவச சட்ட உதவி உண்டு. அதே பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறார். வருமான வரம்பு இந்தப் பட்டியலில் இல்லாத மற்றவர்களுக்கே. தொழிலாளி என்பதாலேயே கிடைக்கும் உரிமை இது. நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்? விண்ணப்பத்தின் மீது உடனடியாகவோ, அதிகம் போனால் 7 நாட்களுக்குள்ளாகவோ முடிவெடுக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. 15100 என்பது சட்ட உதவிக்கான தேசிய எண்.

குடும்ப நீதிமன்றத்தில் வழக்குரைஞருக்கு இடமில்லை என்ற தவறான கருத்தும் நிலவுகிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, வழக்குரைஞர் வைத்துக்கொள்வதை ஓர் உரிமையாகக் கோர முடியாது என்கிறதே தவிர, நீதிமன்றம் அனுமதிப்பதைத் தடுக்கவில்லை. நீதிமன்றம் தன் உதவிக்கு ஒரு சட்ட வல்லுநரை அமர்த்திக்கொள்ளவும் வழி உண்டு. எதிர்த்தரப்பில் வழக்குரைஞர் நிற்க, நம் தொழிலாளி தனியே நிற்க வேண்டும் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

ஆனால் சட்டப் புத்தகத்தில் இல்லாத செலவுகளும் உண்டு. போசரியிலிருந்து சிவாஜி நகர் நீதிமன்ற வளாகம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். நாசிக் பாட்டாவில் மெட்ரோ ஏறினால் விரைவில் போய்விடலாம். தொலைவு பெரிய தடையன்று. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. மூன்று நாள் தொடர்ந்து விடுப்பு எடுத்தால் வேலையே போகிறது. மனு ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர், தன் பெயரால் எழுதப்பட்டதில் என்ன இருக்கிறது என்றறியாமலே கையெழுத்திடுகிறார். நம் வழக்கில் கணவரின் முகவரியில் தெருப்பெயர் விடுபட்டு அறிவிப்பு திரும்பி வந்தது; ஒரு மாதம் வீணாயிற்று. மனுவைத் தாக்கல் செய்யுமுன் அவருக்கு வாசித்துச் சொல்லியிருந்தால் அன்றே திருத்தியிருப்பார். அந்தத் தவறும் நம்முடையதே.

எழும் ஆட்சேபங்கள்

'இது குடும்ப விவகாரம், கட்சிக்கு என்ன வேலை?' என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். குடும்பம் வர்க்க சமுதாயத்துக்கு வெளியே நிற்பதில்லை என்பதை எங்கெல்ஸ் எழுதிய நூலின் பெயரை மேடையில் சொல்லும் நாம் மறக்கலாகாது. வசதி படைத்தவன் குழந்தையை எடுத்துச் சென்றால், மறுநாள் காலையில் மூத்த வழக்குரைஞர் நீதிபதியின் முன் நிற்கிறார். தொழிலாளிப் பெண் ஏழு வாரம் காத்திருக்கிறார். ஒரே சட்டம் இருவருக்கும் இருவேறு வேகத்தில் இயங்குவது வர்க்கப் பிரச்சினை அல்லாமல் வேறென்ன?

இன்னொரு ஆட்சேபம் நேர்மையானது. அவசர உத்தரவு பழிவாங்கும் கருவியாகவும் பயன்படக்கூடும். தந்தையும் தொழிலாளிதானே என்பது அது. உண்மை. நடக்காத வன்முறையை நடந்ததாக எழுதி எந்தச் சங்கமும் மனு போடக் கூடாது; அது அறமுமன்று, வழக்கையும் கெடுக்கும். குழந்தையைத் தாய் எடுத்துச் சென்று தந்தையைப் பார்க்கவிடாமல் வைத்தாலும் இதே சட்டங்கள் தந்தைக்கும் உதவ வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே, குழந்தைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்றும், குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கது என்றும் தெளிவுபடுத்திவிட்டது. நம் அக்கறை குழந்தையின் மீதே இருக்க வேண்டும். அதே காரணத்தால், கணவர் நம் சங்க உறுப்பினர் என்பதற்காக மனைவியிடம் 'பொறுத்துப் போ' என்று சொல்வதும் குற்றமாகும்.

சமரசம் கூடாது என்றும் சொல்லவில்லை. சமரச முயற்சி குடும்ப நீதிமன்றத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது; அங்கே ஆலோசகர்களும் இருக்கிறார்கள். மனு கொடுத்த பின்பும் பேசலாம். மனு கொடுக்காமல் பேசினால், பேச்சு நீளும் ஒவ்வொரு நாளும் ஒரு தரப்பின் கணக்கில் வரவாகிறது. பெரியவர்களை வைத்துப் பேசும் பஞ்சாயத்தை நாம் ஊரில் எதிர்க்கிறோம். சங்க அலுவலகத்துக்குள் அதை நாமே நடத்தலாமா?

செய்ய வேண்டியவை

பெரிய தீர்மானங்கள் தேவையில்லை. குழந்தையைக் காணாத தாயோ தந்தையோ சங்க அலுவலகத்துக்கு வந்தால், அன்றே தேதியிட்ட எழுத்துமூல முறையீடு ஒன்று காவல் நிலையத்துக்கோ பாதுகாப்பு அலுவலருக்கோ போக வேண்டும். மௌனம் சம்மதமாகாமல் காப்பது அந்த ஒரு தாள்தான். மறுநாளே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் தர ஒரு தோழர் உடன் செல்ல வேண்டும். எந்த மனுவும் கையெழுத்தாகுமுன் தமிழில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். போசரி, பிம்பிரி, சிஞ்ச்வட் பகுதிகளில் இதைச் செய்யக்கூடிய தோழர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். உறுப்பினர் குடும்பங்கள் தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிப் பதிவு, வாடகை கொடுத்த சான்று ஆகியவற்றை ஒரே உறையில் பத்திரப்படுத்தக் கிளைகள் வலியுறுத்த வேண்டும். வாய்தா நாளின் கூலியை ஈடுகட்ட மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒரு சிறு நிதி தொடங்கலாம். தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இங்கிருந்து நாங்கள் அழைத்தால், அந்த ஊரில் குழந்தை நலமாக இருக்கிறதா, பள்ளியில் என்று சேர்த்தார்கள் என்ற விவரத்தை அமைதியாக விசாரித்துச் சொல்லுங்கள். ஒரே கட்சி இரு மாநிலங்களிலும் இருப்பதன் பயன் இதுவல்லவா?

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் செறிந்த தொழிற்பேட்டைகளில் மாலை நேரச் சட்ட உதவி மையங்களும், பிறமொழி மொழிபெயர்ப்பாளர்களும் வேண்டும். குழந்தை தொடர்பான இடைக்கால மனுக்கள் முடிவதற்குக் கால வரம்பு வேண்டும்.

அந்தப் பெண்ணின் வழக்கு இன்னும் நடக்கிறது. வாரம் மூன்று நாள் காணொளியில் பேசவும், தீபாவளி விடுமுறையில் பத்து நாள் மகளை உடன் வைத்திருக்கவும் இடைக்கால உத்தரவு கிடைத்தது. அந்தப் பத்து நாளில் ஒரு மாலை குழந்தையை அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார். பக்கத்து அறைப் பெண் மராத்தியில் ஏதோ கேட்க, குழந்தை விழித்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தது. அந்த மொழி அதற்கு மறந்துபோயிருந்தது. ஏப்ரலிலேயே நாம் மனு எழுதியிருந்தால் வழக்கு நிச்சயம் வென்றிருக்கும் என்று சொல்லமாட்டேன். அதன் எதிர்வாதத்தில் அந்த ஏழாம் பத்தி இருந்திருக்காது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.